பென்சில் குறி போட்ட இடம்

குடும்பமும் சட்டமும் – 9

எந்த ஊர் நீதிமன்றத்தில் மனு போடலாம் என்று போன வாரம் பார்த்தோம். யாரை வைத்துப் போடுவது என்பது இந்த வாரம்.

குடும்பநல நீதிமன்றத்தில் ஒரு குறுக்கு விசாரணை. கூண்டில் நின்ற பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். “உங்க வீட்டுக்காரர் தினமும் குடிச்சிட்டு வந்து அடிப்பார்னு மனுவுல சொல்லியிருக்கீங்களேம்மா?” என்று கேட்டார் எதிர்த்தரப்பு வக்கீல். “அவர் குடிக்க மாட்டாருங்க சார்” என்றார் அந்தப் பெண். மனுவைக் காட்டினார்கள். பக்கத்துக்குப் பக்கம் அவருடைய கையெழுத்து.

பென்சிலில் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடச் சொன்னார்களாம், படிக்கத் தரவில்லையாம். வெளியே வந்து அழுதார். அவர் பட்ட பாடு வேறு. சம்பளத்தை மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டு, முகம் கொடுத்துப் பேசாமல் நான்கு வருடம் வைத்திருந்தார்கள். மனுவில் அது இரண்டே வரி. குடி என்ற பொய் நுழைந்ததும் அந்த இரண்டு வரியும் எடுபடாமல் போயிற்று.

அதனால்தான் சொல்கிறேன்: உங்களை முழுதாகப் பேசவிட்டுக் கேட்கிற வக்கீலைத் தேடுங்கள். திருமணம் எந்தச் சட்டப்படி நடந்தது, எப்போதிலிருந்து பிரிந்திருக்கிறீர்கள், வீடு யார் பெயரில் என்றெல்லாம் அவர் கேட்க வேண்டும். இந்து திருமணச் சட்டத்தில் பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு ஒரு வருடமாவது பிரிந்திருக்க வேண்டும். மனு போட்டபின் ஆறு மாதக் காத்திருப்பு. தகுந்த வழக்கில் நீதிமன்றம் அதைத் தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிரிந்த தேதியைக்கூடக் கேட்காமல் “மூணே மாசத்துல முடிச்சிடலாம்” என்பவரிடம் வக்காலத்தைக் கொடுக்காதீர்கள்.

ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது ரஜ்னேஷ் – நேஹா வழக்கின் 2020 தீர்ப்பு. வேலை தெரிந்த வக்கீல் சம்பளச் சீட்டையும் பாஸ்புக்கையும் ஆரம்பத்திலேயே கேட்டுவிடுவார்.

ஃபீஸை வெளிப்படையாகப் பேசி எழுதி வாங்குங்கள். வருகிற ஜீவனாம்சத்தில் பங்கு கேட்பதை பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. வக்கீலை மாற்றவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஃபீஸ் பாக்கி என்று வழக்குக் கட்டைப் பிடித்து வைக்கக் கூடாது என்று 2000-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. கையில் காசில்லையா? 1987-ம் வருடச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்கு போன் செய்யுங்கள்.

குடும்பநல நீதிமன்றத்தில் கட்சிக்காரரே பேசுவதுதான் 1984-ம் வருடச் சட்டத்தின் அடிப்படை. வக்கீல் வைப்பது அங்கே உரிமையல்ல, நீதிமன்றத்தின் அனுமதி. கவுன்சலிங் அறைக்குள்ளும் பெரும்பாலும் நீங்கள்தான் போய் உட்கார வேண்டியிருக்கும். உங்கள் வழக்கு உங்கள் வாயில் நிற்க வேண்டும்.

மனுவின் நகலை வீட்டுக்கு வாங்கிப் போங்கள். ஒரு ராத்திரி வைத்து நிதானமாகப் படியுங்கள். இங்கிலீஷில் இருந்தால் வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொல்லுங்கள். நடக்காதது ஒரு வரி இருந்தாலும் அடித்துத் திருத்தச் சொல்லுங்கள். பிறகு பேனாவை எடுங்கள். நாளைக்குக் கூண்டேறி, “இது என் கையெழுத்துதான்” என்று சொல்லப்போகிறவர் நீங்கள்.

அடுத்த வாரம்: குழந்தை யாரிடம்?

(தொடரும்)