கடல் கொண்டுபோனாலும் கோப்பு மிஞ்சுமா?

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் பழவேற்காடு இருக்கிறது. நம் நாட்டின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடியாகப் பெரியது இந்த ஊரின் ஏரிதான். பூநாரைகளையும் டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகளையும் காண நீங்கள் பள்ளிச் சுற்றுலாவில் அங்கே போயிருக்கக்கூடும். அந்த ஊருக்கும் உங்கள் வீட்டுக் கணிப்பொறிக்கும் தொடர்பு உண்டு என்றால் நம்புவீர்களா?

1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கீசியர், பழவேற்காட்டில் இருந்த டச்சுப் பண்டகசாலையைத் தாக்கி அழித்தனர். மறு ஆண்டே அங்கு கெல்ட்ரியா என்னும் கோட்டை எழுந்தது. 1690 வரை சோழமண்டலக் கரையில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையிடம் அதுவே. எத்தனை கட்டுத் துணி வாங்கப்பட்டது, என்ன விலை கொடுக்கப்பட்டது, எந்தக் கப்பல் எப்போது புறப்பட்டது என்று எல்லாவற்றையும் எழுத்தர்கள் எழுதினார்கள். எழுதியதை மறுபடியும் எழுதினார்கள். ஒரு படி கோட்டையில் தங்கும். ஒன்று படாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்குப் போகும். ஒன்று ஒல்லாந்துக்குப் போகும். முக்கியமான கடிதமானால் அதன் படிகளை வெவ்வேறு கப்பல்களில் அனுப்புவது அக்கால வணிகக் கம்பெனிகளின் வழக்கம். ஒரு கப்பல் மூழ்கினாலும் மற்றொன்று கரை சேரும் அல்லவா? கையெழுத்துப் படி எடுத்து எடுத்து அந்த எழுத்தர்களின் விரல்கள் என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

1825இல் பழவேற்காடு ஆங்கிலேயர் வசம் போயிற்று. கோட்டை இருந்த இடத்தில் இன்று புதர் மண்டிய மேடுதான் உண்டு. ஆனால் அங்கு எழுதப்பட்ட செய்திகள் அழியவில்லை. கடல் கடந்த படிகள் ஒல்லாந்தின் ஹேக் நகர ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வங்காளத்து வரலாற்று அறிஞர் தபன் ராய்சௌதுரியும், யாழ்ப்பாணத்தில் பிறந்த சின்னப்பா அரசரத்தினமும் சோழமண்டலக் கரையின் வணிக வரலாற்றை எழுத அந்த ஏடுகளே துணை நின்றன. ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, சென்னை, கேப்டவுன் ஆகிய ஐந்து நகரங்களில் உள்ள இந்தக் கம்பெனியின் ஏடுகள் ஏறத்தாழ 2½ கோடிப் பக்கங்கள். 2003இல் யுனெஸ்கோ இவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

இனி நம் காலத்துக்கு வருவோம். பழவேற்காட்டுக் குப்பங்கள் சிலவற்றில் ஏரியில் வலை போடும் இடங்களைச் சீட்டுக் குலுக்கி, முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். இதற்குப் பாடு என்று பெயர். இன்று யாருக்கு எந்த இடம், நாளை யாருக்கு என்பதில் ஒரு குடும்பத்தின் அன்றைய சோறு அடங்கியிருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு பட்டியலை அங்குள்ள மாணவி ஒருத்தி தன் வீட்டுக் கணிப்பொறியில் ஏற்றி வைத்திருப்பதாகக் கொள்வோம். கூடவே குடும்பப் படங்கள், சாதிச் சான்றிதழின் நகல், பள்ளிக்காகப் பறவைகளை எண்ணித் தொகுத்த கணக்கு. எல்லாம் ஒரே ஹார்டு டிஸ்க்கில்!

அந்த டிஸ்க் எப்படிப்பட்டது தெரியுமா? உள்ளே வட்டத் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. தட்டைத் தொடாமல், அதற்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் படிக்கும் முனை மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர். முனை தட்டில் உரசினால் கதை முடிந்தது. கடற்கரையில் இன்னொரு பகைவனும் உண்டு: உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோற்றுப்பு தானே நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். மழைக்காலத்தில் உப்புக் கிண்ணம் நசநசக்கிறதே, அதே வேலைதான். கணிப்பொறியின் சுற்றுப்பலகையில் படிந்த உப்பு இப்படி உப்புநீர்ப் படலமாகி, செம்புக் கம்பிகளை அரிக்கிறது. மின்சாரம் போகக்கூடாத வழியில் போகிறது. பென் டிரைவில் சுழலும் பாகம் இல்லை என்றாலும் அது சிரஞ்சீவி அன்று. மிக நுண்ணிய அறைகளில் சிறைப்பட்ட மின்னூட்டமே அதன் எழுத்து. பயன்படுத்தாமல் ஆண்டுக்கணக்கில் போட்டு வைத்தால் அது மெல்லக் கசிந்துவிடும்.

ஆகவே நகல் வேண்டும். கையால் எடுக்கலாம், ஆனால் மூன்றாம் வாரமே மறந்துவிடுவோம். மறக்காத எழுத்தரே காப்பு நகல் மென்பொருள். அது வேலை செய்யும் விதத்தை ஒரு கணக்கால் பார்ப்போம்.

மாணவியின் கோப்புகள் மொத்தம் 40 ஜிகாபைட். நாள்தோறும் புதிதாகச் சேர்வது 50 மெகாபைட், அதாவது 0.05 ஜிகாபைட். தினமும் முழு நகல் எடுத்தால் 30 நாளில் 1,200 ஜிகாபைட்டுக்கு மேல் இடம் வேண்டும். இது வீண். முதல் நாள் முழு நகல், பிறகு முந்தைய நாளுக்குப் பின் மாறியதை மட்டும் என்று எடுத்தால், 40 + 29 × 0.05 = 41.45 ஜிகாபைட் போதும். இது படிப்படி நகல். சிக்கனம்தான், ஆனால் சங்கிலி போன்றது. பத்தாம் நாள் கண்ணி அறுந்தால் அதற்குப் பின் உள்ளவற்றை முழுமையாக மீட்க முடியாது. மாற்று வழி, ஒவ்வொரு நாளும் முதல் நாளுக்குப் பின் மாறிய அனைத்தையும் எடுப்பது. இதற்கு 61.75 ஜிகாபைட் ஆகும். எப்படி என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். இடம் அதிகம், ஆனால் மீட்க இரண்டே நகல் போதும்: முதல் நாளினது, கடைசி நாளினது.

மாறியது எது என்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? எளிய வழி, கோப்பின் தேதியையும் அளவையும் பார்ப்பது. நுட்பமான வழி, கோப்பைத் துண்டுகளாக்கி ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கைரேகை எண்ணைக் கணக்கிடுவது. துண்டில் ஓர் எழுத்து மாறினாலும் கைரேகை அடையாளம் தெரியாமல் மாறிவிடும். மாறிய துண்டை மட்டும் நகலுக்கு அனுப்பினால் போதும். 1996இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கரஸ் இருவரும் வெளியிட்ட ஆர்சிங்க் என்னும் நிரல் இவ்வகையில் பெயர் பெற்றது.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கைப்பேசியையும் கணிப்பொறியையும் இணையம் வழியே ஒன்றுபோல வைத்திருக்கும் வசதியைக் காப்பு நகல் என்று நினைத்துவிடுகிறார்கள். அது கண்ணாடி. நீங்கள் இங்கே ஒரு கோப்பை அழித்தால் அங்கேயும் அழியும். அழித்ததைச் சிறிது காலம் குப்பைத் தொட்டியில் வைத்துத் தரும் சேவைகள் உண்டுதான். அதை மட்டும் நம்பி இருக்கலாகாது. நேற்றைய வடிவம், போன மாத வடிவம் என்று பழையவற்றையும் வைத்திருப்பதே காப்பு. 2017 மே 12ஆம் தேதி வான்னகிரை என்ற கெடுநிரல் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் கணிப்பொறிக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இத்தகைய நிரல்கள், இணைப்பில் இருக்கும் வெளி டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும். ஆகவே நகல் எடுத்ததும் கம்பியைக் கழற்றிவிட வேண்டும்.

மூன்று படி, இரு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் என்பது இத்துறையில் பழகிப்போன விதி. வேறு ஊர் ஏன்? 2004 டிசம்பர் 26ஆம் நாள் சுனாமி தமிழகக் கரையில் படகையும் வலையையும் மட்டுமா கொண்டுபோனது? பள்ளிச் சான்றிதழ்களும் போயின. மாணவர்களுக்கு மறுபடி சான்றிதழ் தர முடிந்ததற்குக் காரணம், மதிப்பெண் பதிவேடுகள் கரையிலிருந்து தொலைவில் வேறு இடத்தில் இருந்ததே. நம் மாணவி இரண்டு டிஸ்க் வைத்துக்கொள்ளட்டும். ஒன்று வீட்டில், மற்றொன்று பொன்னேரியில் அத்தை வீட்டில். மாதம் ஒருமுறை பாடு மாறுவதுபோல இரண்டும் இடம் மாறட்டும். டிஸ்க்கை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் உப்பும் அண்டாது. அதில் சான்றிதழ் நகல்கள் இருப்பதால் கடவுச்சொல் போட்டு மறையெழுத்தாக்குவது நல்லது. கடவுச்சொல்லை மறந்தால் அத்தையாலும் திறக்க முடியாது. அதை ஒரு தாளில் எழுதி வீட்டுப் பெட்டியில் வையுங்கள்.

1998இல் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனத்தில், டாய் ஸ்டோரி 2 என்ற படத்தின் பெரும்பகுதி ஒரு தவறான கட்டளையால் அழிந்தது. நகல் உண்டே என்று திறந்தார்கள். நகல் சரியாகப் பதிவாகவே இல்லை! படத்தின் தொழில்நுட்பப் பொறுப்பாளர் கேலின் சூஸ்மன், குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்ய ஒரு படி வைத்திருந்தார். அந்தக் கணிப்பொறியைப் போர்வையில் சுற்றிக் காரில் ஏற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்தார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சோதனை செய்யுங்கள். நகலில் உள்ள ஒரு கோப்பைத் தேர்ந்தெடுங்கள். கணிப்பொறியில் இருக்கும் மூலத்தைத் தொடாதீர்கள். நகலிலிருந்து அந்தக் கோப்பை வேறொரு புது உறையில் மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள். மூலமும் மீண்டதும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா? எத்தனை நிமிடம் ஆயிற்று? நோட்டில் தேதியுடன் குறித்து வைத்து, அடுத்த மாதம் வேறொரு கோப்பில் மறுபடி செய்யுங்கள்.