உஸ்ஸ்ஸ்... கிட்ட வராதே!

கேமராவும் கையுமா கேம்பஸை சுத்துற ஆளா நீங்க? அப்ப ஏப்ரல் மாசம் கனடாவோட வாட்டர்லூ யூனிவர்சிட்டிக்குப் போனா கொஞ்சம் உஷாரா இருங்க பாஸ்! நம்ம ஊர் வாத்துக்குப் பெரியண்ணன் மாதிரி இருக்கிற 'கனடா கூஸ்', அங்கே கட்டட வாசல், பார்க்கிங்னு கண்ட இடத்துல கூடு கட்டிடும். கூடு எங்கெங்கே இருக்குன்னு யூனிவர்சிட்டியே மேப் போட்டிருக்குன்னா பார்த்துக்கங்க!

பெண் பறவை சுமார் 28 நாள் அடைகாக்கும். ஆண் பக்கத்துலயே காவல். நெருங்கினா முதல்ல தலையை மேலும் கீழும் ஆட்டும். அப்புறம் கழுத்தைத் தாழ்த்தி 'உஸ்ஸ்ஸ்'. அதுக்கும் அசரலைன்னா, றெக்கையை விரிச்சு ஒரே பாய்ச்சல்!

'ஆஹா, செம ஷாட்'னு கை பரபரக்கும். ஆனா, அதுக்கு விலை கொடுக்கிறது நீங்க இல்லை. பயந்துபோய் அம்மா எழுந்துட்டா முட்டை குளிர்ந்துடும்; காக்கா வந்து கொத்திடும்.

அதனால, 400 எம்.எம். லென்ஸை மாட்டிட்டு தூரத்துலயே நில்லுங்க. தலையாட்டல் ஆரம்பிச்சா, அதான் உங்க எல்லைக்கோடு. ஓடாதீங்க, முதுகைக் காட்டாதீங்க. அதைப் பார்த்தபடியே மெள்ளப் பின்வாங்குங்க.

உங்களைக் கண்டுக்காம அது நிம்மதியா அடைகாக்கிற போட்டோ கிடைச்சுதா? கொடுங்க கையை!