கூலியும் அகவிலையும்

உழைப்பார்க்கு ஊதியம் வழங்குதல் வேண்டும் என்பதனை மறுப்பார் உலகில் இலர். ஆயின், அவ்வூதியம் எவ்வளவினதாதல் வேண்டும் என்பதும், ஒருகாற் குறித்த அளவு எத்துணைக் காலம் நிற்றல் தகும் என்பதும் எளிதில் முடிவுபெறும் வினாக்கள் அல்ல. இவற்றுள் முன்னதைப் பற்றிப் பேசுவார் பலர். பின்னதைக் கருதுவார் சிலரே. அப் பின்னதையே இச்சிறு கட்டுரை ஆராயப் புகுகின்றது.

யான் இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்றுண்டு. என் அன்னையார் பீடி சுற்றும் தொழிலினர். திருநெல்வேலிச் சீமையின் சிற்றூர்களில் மாலைப் பொழுதிற் செல்வார், திண்ணைதோறும் மகளிர் மடியில் சுளகு தாங்கி, இலையை நறுக்கித் தூளிட்டுச் சுற்றும் காட்சியைக் காண்பர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதே அவர்தம் கூலி. கூலியைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ‘பஞ்சப்படி’ என்னும் சொல் அவர்கள் வாயில் வருவதை யான் இளமையிற் கேட்டதுண்டு. அப்பொழுது, படி என்றால் எங்கள் வீட்டில் அரிசி அளக்கும் படியே எனவும், பஞ்ச காலத்தில் யாரோ அரிசி அளந்து கொடுப்பர் போலும் எனவும் எண்ணியிருந்தேன்.

இப்பொழுது நோக்குமிடத்து, அவ்விளமைக் கருத்து முற்றும் பிழையன்று எனத் தோன்றுகின்றது. அலுவலகத் தமிழில் இதனை அகவிலைப்படி என்பர். அகவிலையாவது தானியத்தின் விலை. படியாவது அளக்குங் கருவி. உணவின் பொருட்டுக் கொடுக்கப்படும் பொருளுக்கும் அதுவே பெயர். ஆகவே, தானிய விலை ஏறியவிடத்து உண்ணும் அளவு குறையாதபடி கூட்டிக் கொடுக்கப்படுவதே அகவிலைப்படி என்பது சொல்லாலேயே பெறப்படும். குறைந்த அளவுக் கூலியை விலைவாசியோடு பிணைத்தல் என்று பொருளியலார் கூறும் நெறி முழுதும் இவ்வொரு சொல்லில் அடங்கிக் கிடக்கின்றது.

இனி, இப்பிணைப்பு ஏன் வேண்டும் என்பதைக் காண்போம். கூலியானது இருவகையாக எண்ணத்தக்கது. கையிற் பெறும் நாணயம் ஒன்று. அந்நாணயம் கொள்ளும் பண்டம் மற்றொன்று. ஒருவன் நாளொன்றுக்கு 300 ரூபாய் பெறுகின்றான் என வைத்துக்கொள்வோம். விலைகள் ஆண்டுதோறும் நூற்றுக்கு ஆறு வீதம் ஏறுமாயின், அடுத்த ஆண்டில் அவன் அதே பண்டங்களைக் கொள்ள 318 ரூபாய் வேண்டும். ஐந்தாண்டு அவன் கூலி மாறாது நிற்குமாயின், ஐந்தாம் ஆண்டின் இறுதியில் அவனுடைய 300 ரூபாய், தொடக்கத்தில் ஏறத்தாழ 224 ரூபாய் கொண்ட பண்டங்களையே கொள்ளும். ஒருவரும் அவன் கூலியைக் குறைத்திலர்; குறைப்பதாக ஓர் ஆணையும் பிறந்திலது. ஆயினும் அவன் கலத்திலிருந்த சோற்றில் காற்பங்கு மறைந்தது. வெளிப்படையாகக் கூலியைக் குறைத்தால் தொழிலாளர் திரண்டெழுவர். விலைவாசி குறைத்தாலோ எவரைப் பகைப்பது என்று அறியாது திகைப்பர்.

இந்நிலையை நம் நாட்டுச் சட்டம் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தது. 1948ஆம் ஆண்டின் குறைந்த அளவுக் கூலிச் சட்டம், ஐந்தாண்டுக்கு மேற்படாத இடைவெளியில் கூலியை மீளாய்தல் வேண்டும் என விதித்தது. அன்றியும், அடிப்படைக் கூலி ஒன்றும், வாழ்க்கைச் செலவுக் குறியெண்ணின் ஏற்றத்தாழ்வுக்கேற்ப மாறும் படி ஒன்றுமாகக் கூலியை வகுக்கலாம் என்றும் அதில் இடங்காணப்பட்டது. மத்திய அரசாங்கத்தின் எல்லைக்குட்பட்ட தொழில்களில் இப்படி ஏப்ரல் முதல் நாளும் அக்டோபர் முதல் நாளுமாக ஆண்டில் இருமுறை திருத்தப்பட்டு வந்தது. தமிழ்நாட்டு அரசாங்கத்தாரின் அறிவிக்கைகளிலோ, சென்னை நகரக் குறியெண்ணை அளவுகோலாகக் கொண்டு, ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் நாளில் படியை உயர்த்தும் முறை அமைந்தது. 2019இல் இயற்றப்பட்டு, 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டம் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பெற்றது. மாறும் படி என்னும் கருத்தை அதுவும் கைவிட்டிலது.

குறியெண் என்பது யாது? தொழிலாளர் குடும்பங்கள் எப்பண்டத்துக்கு எவ்வளவு செலவிடுகின்றன என்பதை முதலில் ஆராய்ந்து அறிவர். அவ்வாராய்ச்சியினின்று ஒவ்வொரு வகைப் பண்டத்துக்கும் அதற்குரிய எடை தரப்படும். பின்னர் மாதந்தோறும் குறித்த கடைத்தெருக்களில் விலை கேட்டு, அடி ஆண்டின் விலையை 100 எனக் கொண்டு, இன்றைய விலை எவ்வளவு என்று கணக்கிடுவர். இந்தியாவில் தொழிற்சாலைத் தொழிலாளர்க்குரிய குறியெண்ணை மத்திய அரசாங்கத்தின் தொழிலாளர் பணியகத்தார் வெளியிடுகின்றனர். 2016ஐ அடியாண்டாகக் கொண்ட வரிசை 2020 செப்டம்பர் முதல் வழங்கலாயிற்று. அதற்கு 88 ஊர்களின் விலைகள் திரட்டப்படுகின்றன.

எடை என்பது வெறுங் கணக்கன்று. அதிலேயே ஏழையின் வாழ்வு தங்கியுள்ளது. 2001ஐ அடியாகக் கொண்ட முன்னை வரிசையில் உணவு முதலியவற்றின் எடை நூற்றுக்கு 46.2 ஆக இருந்தது. 2016 வரிசையில் அது 39.17 ஆயிற்று. உணவுப் பண்டங்கள் மட்டும் நூற்றுக்கு இருபது ஏறி, ஏனையவை ஏறாவிடின், 40 எடையுள்ள கணக்கில் குறியெண் 8 ஏறும். ஆயின், தன் வருவாயில் நூற்றுக்கு அறுபதை உணவுக்கே செலவிடும் குடும்பத்துக்கு உண்மையான ஏற்றம் 12 ஆகும். பலருடைய செலவின் சராசரி, மிக ஏழையானவரின் செலவுக்கு ஒத்திராது. ஆதலின், குறைந்த கூலி பெறுவோரின் அடுப்படியை நோக்கி எடைகளை அமைத்தல் நீதியாகும்.

இனி, குறியெண் ஏறியவாறே படியும் ஏறுமோ எனின், அது வகுத்த முறையைப் பொறுத்தது. ஒரு புள்ளி ஏறினால் இத்தனை ரூபாய் என்பது ஒரு முறை. முன்னர்க் கூறிய 300 ரூபாய்க் கூலியாளனுக்கு, குறியெண் 100இலிருந்து 106 ஆகும்போது, புள்ளிக்கு மூன்று ரூபாய் கொடுத்தால் 318 ரூபாய் வரும். இழப்பு முற்றும் ஈடாகும். புள்ளிக்கு இரண்டே ரூபாய் கொடுத்தால் 312 ரூபாய்தான் வரும். மூன்றிலொரு பங்கு இழப்பு அவன் தலையிலேயே நிற்கும். அடியாண்டு மாறுங்காலும் விழிப்பு வேண்டும். 2016 வரிசையின் எண்ணை 2.88ஆற் பெருக்கினாலன்றி அது 2001 வரிசையின் எண்ணோடு ஒவ்வாது. புதிய வரிசையின் ஒரு புள்ளி பழையதில் ஏறக்குறைய மூன்று புள்ளிக்கு நிகர். இதனை மறந்து பழைய வீதத்திலேயே படி கணக்கிடப்படுமாயின், தொழிலாளிக்கு நேரும் இழப்பு பெரிது. கணக்கறியாதார் இதனைக் கண்டுபிடித்தல் அரிது.

பிற நாடுகளின் பட்டறிவும் ஈண்டு நோக்கத்தக்கது. ஆஸ்திரேலியாவில் 1907இல் நீதிபதி ஹிக்கின்ஸ், பயிற்சியில்லாத் தொழிலாளியும் தன் மனைவி மக்களோடு நாகரிக சமுதாயத்திற்கேற்ப வாழ நாளொன்றுக்கு ஏழு ஷில்லிங் வேண்டும் எனத் தீர்ப்பளித்தார். 1921 முதல் அந்நாட்டின் அடிப்படைக் கூலி விலைக் குறியெண்ணுக்கேற்ப மும்மாதத்துக்கொருமுறை தானே மாறுமாறு அமைக்கப்பட்டது. பின்னர்ப் பெருமந்தம் வந்தது. விலைகள் வீழ்ந்தன, கூலியும் உடன் வீழ்ந்தது. அஃதன்றி, 1931இல் நடுவர் மன்றம் மேலும் நூற்றுக்குப் பத்துக் குறைத்தது. 1953இல் தானே மாறும் முறை முற்றும் நிறுத்தப்பட்டது. ஏணி ஏறுவதற்கே அன்றி இறங்குவதற்கும் உரியது என்பதனை இவ்வரலாறு காட்டுகின்றது.

மறுதலையாக, பிணைப்பு இல்லாமையின் விளைவை அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் காணலாம். அங்கே கூட்டரசின் குறைந்த அளவுக் கூலி 2009 ஜூலையில் மணிக்கு 7.25 டாலர் ஆயிற்று. காங்கிரஸ் புதுச்சட்டம் இயற்றினாலன்றி அது மாறாது. பதினைந்து ஆண்டுகள் கழிந்தும் அது மாறவில்லை. வாஷிங்டன் மாநிலத்து மக்களோ 1998இல் வாக்களித்துத் தம் மாநிலத்தின் குறைந்த அளவுக் கூலியை விலைவாசியோடு பிணைத்துக்கொண்டனர். பிரான்சு நாட்டில், விலைகள் நூற்றுக்கு இரண்டு ஏறியவுடன் குறைந்த அளவுக் கூலி தானே உயரும் முறை உளது. அன்றியும், பிற தொழிலாளரின் உண்மைக் கூலி உயர்வில் ஒரு பாதியும் ஆண்டுதோறும் அதனோடு சேர்க்கப்படுகின்றது.

இந்நெறியை மறுப்பாரும் உளர். விலை ஏறக் கூலி ஏறும், கூலி ஏற விலை ஏறும், இச்சுழலுக்கு முடிவில்லை என்பர் அவர். இதற்கு அவர் காட்டும் சான்று இத்தாலி. அங்கே 1975இல் தொழிலாளர் அனைவர்க்கும் புள்ளிக்கு ஒரே தொகையெனப் படி வகுக்கப்பட்டது. பணவீக்கம் தணியாது போகவே, 1984இல் அரசாங்கம் அதனைச் சுருக்கிற்று. 1985இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் மக்கள் அச்சுருக்கத்தை நீக்க இசைந்திலர். 1992இல் அம்முறையே ஒழிந்தது. இவ்வச்சம் வெறுமையானதன்று. எனினும், ஒரு நாட்டின் எல்லாக் கூலியையும் பிணைப்பது வேறு. அடிமட்டத்துக் கூலியை மட்டும் பிணைப்பது வேறு. பின்னது விலை ஏறிய பிறகே ஏறுவது. தீயை மூட்டுவது அதுவன்று. வெந்த புண்ணுக்கு மருந்திடுவதே அதன் தொழில்.

சிறு தொழில் நடத்துவோர் தாங்கார் என்பது மற்றொரு தடை. ஐந்தாண்டு வாளாவிருந்து ஒருநாள் மூன்றிலொரு பங்கு கூலியைக் கூட்டுக எனின், அவர் இடருறுவர் என்பது மெய்யே. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக, முன்னரே அறிந்த அளவில் ஏறுவதாயின், விலை பேசும்போதே அவர் அதனைக் கணக்கிற் கொள்ளலாம். ஆகவே, பிணைப்பு முதலாளிக்கும் பகையன்று.

ஈண்டு ஓர் எல்லையையும் மறத்தல் ஆகாது. பிணைப்பு இருந்த நிலையைக் காக்குமேயன்றி, நிலையை உயர்த்தாது. தொடக்கத்திற் குறித்த கூலி அரைவயிற்றுக் கூலியாயின், அப்படி அவ்வரைவயிற்றையே ஆண்டாண்டாகக் காத்து நிற்கும். இதனாலன்றோ 1957இல் கூடிய பதினைந்தாம் இந்தியத் தொழிலாளர் மாநாடு, கூலியின் அடிப்படையாக மூன்று ஆட்குரிய உணவு, குடும்பத்துக்கு ஆண்டில் 72 கஜம் துணி, வீட்டு வாடகை, விறகு விளக்கு முதலியவற்றுக்கு நூற்றுக்கு இருபது எனத் தேவைகளை எண்ணிக் கூறிற்று. 1991இல் உச்ச நீதிமன்றம், மக்களின் கல்வி, மருத்துவம் முதலியவற்றுக்கென நூற்றுக்கு இருபத்தைந்து கூட்டுதல் வேண்டும் என்றது. அடிப்படையைத் தேவைக்கேற்ப உயர்த்துதல் ஒன்று. உயர்த்தியதை விலைவாசி அரியாதபடி காத்தல் மற்றொன்று. இவ்விரண்டும் கூடியவிடத்தே கூலி முறை நிறைவுறும்.

சென்ற விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, அண்டை வீட்டு ஆச்சி ஒருவர், “ஏ தம்பி, பெரிய படிப்புப் படிக்கியே, அரிசி மட்டும் ஏறிக்கிட்டே போகுது, படி ஏன் ஏறமாட்டேங்குது?” என்று வினவினார். யான் மறுமொழி அறியாது நாணி நின்றேன். செய்யுளுக்கு உரை காணப் பயின்ற எனக்கு, என் கல்விக்கட்டணத்தை ஈட்டிய ஒரு சொல்லுக்கு உரை தெரிந்திலது. அன்று தொட்டு வினவியும் கற்றும் அறிந்தவற்றையே ஈண்டு எழுதினேன். ஆச்சியின் வினாவுக்கு விடை ஓர் எண்ணிலும், அவ்வெண்ணின் எடைகளிலும், புள்ளிக்கு இத்தனை என்னும் வீதத்திலும் மறைந்து கிடக்கின்றது. இக்கல்லூரியினின்று வெளியேறும் நம்மிற் சிலர் அவ்வெண்ணைக் கணக்கிடும் பணியில் அமர்தல் கூடும். சிலர் கூலி கொடுப்போர் ஆதல் கூடும். அவரெல்லாம் கணக்கேட்டைத் திறக்குந்தோறும், அதன் மறுபுறத்தே அரிசிப் படியைக் கையில் ஏந்தி நிற்கும் ஒரு தாயை நினைப்பாராக.