மழைக்கு முன் ஒரு படம்

மட்டாஞ்சேரி அரண்மனையின் ராமாயணச் சுவரோவியங்களுக்குக் காவல் உண்டு. வெளியே கிடங்குச் சந்துகளின் சுவர்களுக்குக் கிடையாது. 2012 டிசம்பரில் முதல் கொச்சி-முஸிரிஸ் பியனாலே தொடங்கியபின் இங்கும் பக்கத்து ஃபோர்ட் கொச்சியிலும் சுவர்ச் சித்திரங்கள் பெருகின. முகம் காட்டாமல் 'கெஸ் ஹூ' என்ற பெயரில் வரைபவரின் கேலிச் சித்திரங்கள் அவற்றில் பிரசித்தம்.

ஆயுள்தான் குறைவு. ஜூன் பிறந்தால் மழை. உப்புக்காற்றில் காரை உதிர்கிறது. மிஞ்சியதைச் சுவரொட்டியும் வெள்ளையடிப்பும் மூடிவிடுகின்றன. அப்புறம் புகைப்படம்தான் சாட்சி.

அந்தச் சாட்சியும் பெரும்பாலும் அரைகுறை. காமிராக்காரர்கள் பலர் சித்திரத்தை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொள்கிறார்கள். இஞ்சி மூட்டை, கைவண்டி, பாசி படிந்த ஓடு எல்லாம் படத்துக்கு வெளியே. எந்தச் சந்து, எந்த மாதம் என்ற குறிப்பும் இருப்பதில்லை. பத்தடி பின்னால் நகர்ந்து எடுத்தால் கேலி யாரைப் பார்த்து என்பதாவது புரியும்.

எடுத்த படத்தை விற்பது வேறு விஷயம். பொது இடத்தில் நிலையாக உள்ள சிற்பத்தைப் படமெடுத்து வெளியிட 1957 பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கிறது. அந்த விலக்கில் ஓவியம் குறிப்பிடப்படவில்லை. மும்பைச் சுவரோவியம் ஒன்றை விளம்பரத்தில் காட்டிய காப்பீட்டு நிறுவனம், அது இடம்பெற்ற இணையப் பதிவுகளை நீக்க வேண்டும் என்று 2023-ல் டில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கொச்சிக்காரருக்கு அந்த வழி சிக்கலானது. வழக்குப் போட்டால் முகம் தெரிந்துவிடும்.