எத்தனை வாட் வேண்டும்?

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவி ஒருவர்)

சிலப்பதிகாரத்தைத் தொடங்கும்போது இளங்கோவடிகள் திங்களையும் ஞாயிற்றையும் மழையையும் வாழ்த்துகிறார். அந்த ஞாயிறு இன்று நம் கூரைமீதே மின்சாரம் தருகிறது. ஆனால், சோலார் பேனல் என்று நாம் சொல்லும் சூரியத் தகட்டை எந்த அளவில் வாங்குவது? இக்கேள்விக்கு விடை தெரியாமல் எங்கள் வீடு கடனாளியாக இருந்தது, மயிரிழையில் தப்பியது.

சங்கராபுரத்தை அடுத்த எங்கள் சிற்றூரில் சென்ற ஆண்டு இரவில் அடிக்கடி மின்தடை. தங்கைக்கோ பத்தாம் வகுப்புத் தேர்வு. விற்பனையாளர் ஒருவர் வீட்டில் எத்தனை அறை என்று மட்டும் கேட்டுவிட்டு, 1,000 வாட் தகடும் நான்கு பேட்டரியும் வேண்டும் என்றார். அம்மாவின் வளையலை அடகு வைக்க அப்பா புறப்பட்டார். "ஒரு நாள் பொறுங்கப்பா" என்று சொல்லிவிட்டு நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன்.

முதலில் தேவை:

பொருளின் வாட்டை அது ஓடும் மணியால் பெருக்க வேண்டும். 9 வாட் விளக்கு நான்கு, 5 மணி நேரம்: 180 வாட்-மணி. 75 வாட் மின்விசிறி இரண்டு, 8 மணி நேரம்: 1,200. 60 வாட் தொலைக்காட்சி, 2 மணி நேரம்: 120. கைப்பேசிகளுக்கு 20. மொத்தம் 1,520.

அடுத்து தகடு:

நம் பகுதியில் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மணி நேர முழு வெயிலுக்கு ஈடான ஒளி கிடைக்கிறது. வெப்பம், தூசு, பேட்டரி, இன்வெர்ட்டர் ஆகியவற்றால் நேரும் இழப்பைத் தாராளமாகக் கழித்தால், 1 வாட் தகடு 3 வாட்-மணி தரும் எனக் கொள்ளலாம். 1,520-ஐ 3-ஆல் வகுத்தால் சுமார் 500 வாட்.

பிறகு பேட்டரி:

12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1,800 வாட்-மணி அடங்கும். ஈய-அமில பேட்டரியை அடிக்கடி பாதிக்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆகவே கணக்கில் 900. எங்களுக்கு இரண்டு போதும். அவர் சொன்னதில் சரிபாதி!

அப்போதுதான் என் கண்ணில் பட்டது: 1,520-இல் 1,200-ஐ விழுங்குபவை விசிறிகளே. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் வீட்டிற்குச் சூரிய ஒளியில் எரியும் 5 விளக்குகள் என வகுத்தார்கள். விளக்கிற்குச் சிறு தகடு போதும். விசிறிதான் செலவை ஏற்றுகிறது. 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறிகளை மாட்டினால் தேவை 800 ஆகிறது. 300 வாட் தகடும் ஒரே பேட்டரியும் போதும். அவ்வாறே வாங்கினோம். வளையல் அம்மாவின் கையிலேயே இருக்கிறது.

மின்தடை இன்றிக் கட்டணம் மட்டுமே கவலையாக இருப்போருக்குக் கணக்கு வேறு. மின்வாரியக் கம்பியோடு இணையும் அமைப்பில் 1 கிலோவாட் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். இரு மாத யூனிட்டை 60-ஆல் வகுத்து, மீண்டும் 4-ஆல் வகுக்க வேண்டும். 480 யூனிட் என்றால் 2 கிலோவாட். 2024-இல் மத்திய அரசு தொடங்கிய சூரிய வீடு திட்டம் இவ்வகைக்கே மானியம் அறிவித்தது. ஆனால் பேட்டரி இல்லாத இவ்வமைப்பு, கம்பியில் வேலை செய்வோரின் பாதுகாப்புக்காக, மின்தடையின்போது தானும் நின்றுவிடும்.

கல்வராயன் மலையடிவாரத்து நண்பர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேற்கே மலை இருந்தால் மாலை வெயில் சீக்கிரம் மறையும். தென்னை நிழல் ஓரத்தில் விழுந்தாலும் மின்சாரம் குறையும். ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டத்தில் நாங்களே ஒரு விசிறியை நிறுத்திவிடுகிறோம். தங்கையின் விளக்கை நிறுத்துவதில்லை.

ஆகவே நண்பர்களே, கடைக்குப் போகுமுன் கணக்கைப் போடுங்கள். பெருக்கலும் வகுத்தலும் தேர்வுத்தாளுக்கு மட்டும் உரியவை அல்ல.