தேன்நிலவுக்கு இருவர் போதும்

கலியாணம் முடிந்துவிட்டது. ஹோல்காரருக்கு மிச்சக் காசு கொடுத்தாயிற்று. மணவறைக்காரர் தன் சாமான்களைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போய்விட்டார். வீடியோக்காரர் "இன்னும் ஒரு மாதம்" என்று சொல்லிவிட்டார். அது மூன்று மாதம் என்பது எல்லோருக்கும் தெரியும். இனி என்ன என்று கேட்டால், எங்கள் வீடுகளில் வரும் பதில் ஒன்றுதான்: "திங்கட்கிழமை வேலைக்குப் போகவேணும்."

தேன்நிலவு என்ற சொல்லைப் பெரியவர்கள் முன்னால் உரக்கச் சொல்லவே எங்களுக்குக் கூச்சம். ஸ்ரீதரின் 'தேன் நிலவு' 1961 இல் வந்து காஷ்மீரைக் காட்டியபோதும் அது படத்தில் நடிப்பவர்களுக்குரிய விஷயம் என்றுதான் ஊரில் எண்ணினார்கள். உத்தியோகத்தர்கள் சிலர் கண்டிக்கோ நுவரெலியாவுக்கோ போய்வந்தார்கள். 1983 க்குப் பிறகு அந்த வழியும் பெரும்பாலானோருக்கு அடைபட்டது. மற்றவர்களுக்குக் கால்மாறிப் போவதும், நாலாஞ்சடங்கும், சொந்தக்காரர் வீட்டு விருந்துகளும்தான் தேன்நிலவு. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஊரில் ஒரு வளவு இருந்தது. கிணற்றடி இருந்தது. பின்னேரத்தில் ஒழுங்கையால் இருவர் கோயிலுக்கு நடந்து போகலாம். இங்கே இரண்டு அறை அப்பார்ட்மென்றில் ஏழுபேர். புதுத் தம்பதிகள் ஒரு வார்த்தை தனியாகப் பேசவேண்டுமென்றால் உடுப்புத் தோய்க்கக் கீழே போகவேண்டும்.

நாங்கள் இதைப் பட்டறிந்துதான் எழுதுகிறோம்.

எங்களில் ஒருவர் 1990 பனிக்காலத்தில் அமெரிக்காவின் பஃபலோவிலிருந்து பீஸ் பிறிட்ஜ் பாலத்தைக் கடந்து ஃபோர்ட் ஈரியில் அகதி விண்ணப்பம் கொடுத்தவர். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் பலர் வந்த வழி அது. (2004 டிசம்பரில் அமெரிக்காவுடனான பாதுகாப்பான மூன்றாம் நாட்டு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின் அந்த வழி பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டது.) மற்றவர் வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் தாயோடு இரண்டு வருடம் விசாவுக்குக் காத்திருந்தவர். சின்ன வயதில் ஒரு கோயில் திருவிழாவில் ஒருவரையொருவர் பார்த்ததாகப் பெரியவர்கள் சொல்கிறார்கள். எங்களுக்கு ஞாபகம் இல்லை. வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிட ரெலிபோன், அதிலும் பாதி, "கேக்குதோ? கேக்குதோ?"

மணப்பெண்ணாக ஸ்பொன்சரில் வருகிறவர் வந்து 90 நாளுக்குள் கலியாணம் முடிக்கவேண்டும் என்பது அன்றைய விதி. 2002 இல் புதிய குடிவரவுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததோடு அந்த வகையே இல்லாமற் போயிற்று. 1996 மே மாதத்தில் வந்திறங்கி, ஆடியைக் கழித்து, கெடு முடிய மூன்று நாள் இருக்க ஆவணியில் தாலி கட்டினோம். அதற்கடுத்த சனிக்கிழமை நயாகராவுக்கு வெளிக்கிட்டோம். வானில் பதினொரு பேர்.

பெரியம்மா முன் சீற்றில். மாமா வான் ஓட்டம். பின்னால் சின்னப்பிள்ளைகள் நாலுபேர். எங்கள் இருவருக்கும் இடையில் இடியப்பப் பெட்டியும் சம்பல் போத்தலும். நீர்வீழ்ச்சிக்கு முன்னால் நின்று படம் எடுத்தோம். எல்லாப் படத்திலும் பதினொரு பேர். ஒரு படத்தில் மாப்பிள்ளையின் தலை மட்டும் தெரிகிறது. புல்லில் பாய் விரித்துச் சாப்பிட்டோம். யாரிலும் குறை சொல்ல வரவில்லை. அன்றைக்கு அங்கே வந்த ஒவ்வொருவரும் எங்களுக்காகக் கடன்பட்டவர்கள், சீட்டுக் கட்டியவர்கள். கூட்டிக்கொண்டு போகாவிட்டால் மனம் நோகும்.

படகு ஏறும் நேரத்தில்தான் அதிர்ஷ்டம் வந்தது. பெரியம்மாவுக்குத் தலைச்சுற்று. மாமா ரிக்கற் விலையைப் பார்த்தார். "நீங்கள் ரெண்டுபேரும் போட்டு வாங்கோ தம்பி, நாங்கள் இஞ்சை நிக்கிறம்" என்றார். ஏறக்குறைய இருபது நிமிடம். மழை அங்கியைப் போட்டுக்கொண்டு, குதிரை லாடம் போல் வளைந்திருக்கும் அந்தப் பெரிய வீழ்ச்சிக்குக் கிட்டப் போனபோது வானமும் தெரியவில்லை, கரையும் தெரியவில்லை. 57 மீற்றர் உயரம், ஏறக்குறைய இருபது மாடிக் கட்டிடம். சத்தத்தில் காது அடைத்துவிட்டது.

"இந்தத் தண்ணியெல்லாம் நான் வந்த பாலத்துக்குக் கீழாலை வந்ததப்பா!"

"என்ன?"

"நான் வந்த பாலம்!"

"கேக்கேல்லை!"

சொன்னது உண்மைதான். ஈரி ஏரியிலிருந்து வரும் நயாகரா ஆறு பீஸ் பிறிட்ஜின் கீழ் ஓடி, முப்பது கிலோமீற்றர் வரை கீழே வந்து, இந்த இடத்தில் விழுந்து, ரொறன்ரோவின் முன்னால் கிடக்கும் ஒன்ராறியோ ஏரியில் சேர்கிறது. ஆனால் அந்தக் கதையைச் சொல்லி முடிக்க நேரம் போதவில்லை. படகு திரும்பிவிட்டது. கரையில் ஒன்பது பேர் கை காட்டினார்கள்.

அதன்பிறகு இரண்டு வருடம் ஒருவருக்குப் பகல் வேலை, மற்றவருக்கு இரவு வேலை. குளிர்ப்பெட்டிக் கதவில் துண்டு எழுதி ஒட்டித்தான் குடும்பம் நடத்தினோம். "மீன்குழம்பு இருக்கு." "வாடகைக் காசு மேசையில்." ஒருநாள் ஒரு சின்ன விஷயத்தில், உப்புக் கூடிவிட்டது என்பதில்தான் என்று நினைக்கிறோம், பெரிய சண்டை. "உங்களைவிட உங்கடை அம்மாவைத்தான் எனக்கு நல்லாத் தெரியும்" என்ற வார்த்தை வந்தது. வெகுநேரம் இருவரும் பேசவில்லை. அது கோபத்தில் வந்த வார்த்தை அல்ல, கணக்குப் பார்த்து வந்த வார்த்தை. மாமியோடு சமையலறையில் கழிந்த நேரம், கணவனோடு கழிந்த நேரத்தைவிட அதிகம்.

1998 கார்த்திகையில், ஒரு செவ்வாய்க்கிழமை, இருவரும் இரண்டு நாள் லீவு எடுத்துக்கொண்டு பழைய காரில் நயாகராவுக்குப் போனோம். வீட்டில் உண்மையைத்தான் சொன்னோம், ஆனால் கதவைப் பூட்டும்போதுதான் சொன்னோம்.

அப்போது கார்த்திகையில் படகு ஓடுவதில்லை. சுற்றுலாக் கூட்டம் இல்லை. வீழ்ச்சி தெரியாத பக்கத்தில் ஒரு மலிவான அறை எடுத்தோம். லிஃப்டில் இறங்கி, பாறையைக் குடைந்த சுரங்கத்தால் நடந்து, தண்ணீரின் பின்பக்கத்தைப் பார்த்தோம். இரவில் கலர் வெளிச்சம் அடிக்கும் நேரத்தில் ஆற்றங்கரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். 1925 முதல் இந்த இரவு வெளிச்சம் இருக்கிறது. நாங்கள் பார்த்தது பாதி நீர்வீழ்ச்சி என்பதைப் பிறகுதான் அறிந்தோம். கனடாவும் அமெரிக்காவும் 1950 இல் செய்த ஒப்பந்தப்படி, சுற்றுலாக் காலத்துப் பகலில் நொடிக்குக் குறைந்தது 2,800 கன மீற்றருக்குச் சற்று மேல் தண்ணீர் விழவேண்டும். இரவிலும் குளிர்காலத்திலும் அதில் பாதி போதும். மற்றதெல்லாம் மின்சாரம் எடுக்கப் போகிறது. எங்களுக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை.

அன்றிரவு பாலத்துக் கதையை முழுதாகச் சொல்லவும், லொட்ஜ் கதையை முழுதாகக் கேட்கவும் நேரம் இருந்தது. லொட்ஜில் நடுச்சாமத்தில் பொலிஸ் வந்து எல்லோரையும் எழுப்பி ஐடென்ரிக் கார்ட் பார்த்த கதையை, கலியாணமாகி இரண்டு வருடம் மூன்று மாதத்துக்குப் பிறகுதான் கணவன் முதன்முறையாகக் கேட்டார்.

நயாகராவுக்கும் புதுத் தம்பதிகளுக்கும் உள்ள உறவு எங்களோடு தொடங்கியதல்ல. அமெரிக்க உபஜனாதிபதியாக இருந்த ஆரன் பர்ரின் மகள் தியோடோசியா 1801 இல் கணவனோடு வந்ததுதான் ஆரம்பம் என்பார்கள். ரயில் வந்தபின் சாதாரண மக்களும் வந்தார்கள். 1953 இல் மர்லின் மன்றோ நடித்த 'நயாகரா' படம் அந்த ஊரை இன்னும் பிரபலமாக்கியது. (படத்தில் மனைவி கணவனைக் கொல்லத் திட்டமிடுகிறாள். அதைப் பார்த்துவிட்டும் சனம் தேன்நிலவுக்குப் போனது ஆச்சரியம்தான்.)

சரி, போகிறவர்களுக்குச் சில விஷயங்கள்.

ரொறன்ரோவிலிருந்து தூரம் ஏறக்குறைய 130 கிலோமீற்றர். கார் இல்லாதவர்கள் யூனியன் ஸ்ரேசனிலிருந்து கோ ரெயினில் போகலாம். நேர அட்டவணையை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நயாகராவுக்குள் சுற்ற வீகோ பஸ் உண்டு. கார் கொண்டுபோனால் வீழ்ச்சிக்குக் கிட்ட நிறுத்தும் காசில் ஒருநேரச் சாப்பாடு சாப்பிடலாம். சனி, ஞாயிறில் போகாதீர்கள். ஞாயிறு இரவு தொடங்கிப் புதன் வரைக்கும் அறை வாடகை நன்றாகக் குறையும். கார்த்திகை முதல் பங்குனி வரை இன்னும் குறையும். வீழ்ச்சி தெரியும் அறைக்குக் கொடுக்கும் மேலதிகக் காசு எங்கள் அபிப்பிராயத்தில் வீண். ஆற்றங்கரையில் நடக்க யாரும் காசு கேட்பதில்லை. ஹோட்டல் பில்லில் அரசாங்க வரி தவிர வேறு பெயரில் கட்டணம் ஏறியிருந்தால், அது என்ன, கட்டாயமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

கனடாப் பக்கத்துப் படகை 2014 முதல் வேறு கம்பனி நடத்துகிறது. கனடாப் பக்கத்துக்குச் சிவப்பு அங்கி, அமெரிக்கப் பக்கத்துக்கு நீலம். கிளிஃப்ரன் ஹில் தெருவில் வெளிச்சமும் சத்தமும் செலவும்தான். ஒருமுறை நடந்து பார்த்தாற் போதும். காசினோ வாசலைப் பற்றி நாங்கள் சொல்லத் தேவையில்லை, எல்லாக் குடும்பத்திலும் ஒரு கதை இருக்கிறது. அமைதி வேண்டுமானால் பெரிய வீழ்ச்சிக்குச் சற்று மேலே டஃபரின் ஐலண்ட்ஸ் என்ற சிறு தீவுகளும் மரப்பாலங்களும் இருக்கின்றன. அங்கே வாத்துகள் தவிர யாரும் உங்களைப் பார்க்கமாட்டார்கள்.

முக்கியமான ஒன்று. றெயின்போ பாலம் அமெரிக்காவுக்குப் போகிறது. அகதி விண்ணப்பம் முடியாதவர்களும், அமெரிக்க விசா இல்லாமல் இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களும் அந்தப் பக்கம் தவறியும் திரும்பிவிடவேண்டாம். வீதிப் பலகையில் அமெரிக்காவுக்கான அம்புக்குறி போட்டிருக்கும். பக்கத்தில் இருப்பவர் அதைப் பார்த்துச் சொல்லவேண்டும். ஸ்பொன்சர் விண்ணப்பம் நடந்துகொண்டிருக்கும் தம்பதிகள் ஹோட்டல் ரசீது, படகு ரிக்கற், படங்கள் எதையும் எறியாதீர்கள். உண்மையான கலியாணம்தானா என்று இமிகிரேஷன் கேட்கும்போது உதவும்.

ஒரு இரவு தங்கவும் கையில் இல்லையா? பே வீதி முடியும் இடத்தில் படகு ஏறினால் கால் மணித்தியாலத்துக்குள் ரொறன்ரோத் தீவுக்குப் போய்விடலாம். வார்ட்ஸ் ஐலண்ட் பக்கம் குளிர்காலத்திலும் படகு போகும். அங்கிருந்து பார்த்தால் நாங்கள் ஓடித்திரியும் நகரம் சத்தமில்லாமல் தண்ணீருக்கு அப்பால் நிற்கும். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள், அங்கே விலை. ஸ்காபரோவில் இருப்பவர்களுக்கு புளஃபர்ஸ் பார்க் இன்னும் கிட்ட. மண்மேட்டின் விளிம்புக்கு மட்டும் போகாதீர்கள், சரிந்துவிடும். புரட்டாசி கடைசியில் மரங்கள் நிறம் மாறும்போது, 1893 இல் ஏற்படுத்தப்பட்ட அல்கொன்குவின் பூங்காவுக்கும் போகலாம். காரில் மூன்று மணித்தியாலம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகளைத் தனியே விட்டால் ஏதோ பிரித்துவிட்டதாக எண்ணவேண்டாம். அவர்கள் திரும்பி வரும் வீடு உங்கள் வீடுதான். நயாகராவை நீங்கள் பார்க்கவேண்டுமானால், வான் பிடித்து அடுத்த மாதம் எல்லோருமாகப் போகலாம். இடியப்பம் நாங்களும் அவித்துத் தருகிறோம்.

போன கோடையில் எங்கள் மருமகன் ஒருவருக்குக் கலியாணம் நடந்தது. மொய் உறைக்குள் காசு வைக்காமல், நயாகராவில் இரண்டு இரவுக்குக் காசு கட்டிய துண்டை வைத்துக் கொடுத்தோம். அடுத்தநாட் காலை பெரியம்மா ரெலிபோன் எடுத்தா. வயது எண்பத்தைந்து, குரல் அப்படியே இருக்கிறது.

"பிள்ளை, நல்ல வேலை செய்தனீங்கள். அந்த அறையிலை எத்தினை கட்டில் கிடக்கு?"

"ஒண்டுதான் பெரியம்மா" என்றோம்.