இரண்டு கைப்பிடி, ஒரு பிஸ்டல்

ஒரே ஸ்கூட்டரைக் கணவனும் மனைவியும் மாற்றி மாற்றி ஓட்டலாம். போட்டிக்கான ஏர் பிஸ்டலை அப்படிப் பகிர்ந்துகொள்வது கடினம். அதன் மரக் கைப்பிடி ஒருவருடைய உள்ளங்கைக்கென்றே இழைக்கப்படுவது. கட்டைவிரலுக்கு ஒரு மேடை, மற்ற விரல்களுக்குப் பள்ளம், உள்ளங்கையின் கீழ் ஓரம் உட்கார ஏற்றி இறக்கக்கூடிய ஒரு தாங்கு. கணவருக்காக உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கைப்பிடிக்குள் மனைவியின் கை தளர்வாக ஆடும். அதனால், சேர்ந்து பழக வருகிறவர்கள் துப்பாக்கி ஒன்றோடு நிறுத்திக்கொண்டாலும் கைப்பிடி இரண்டு வாங்குவது நல்லது. சிறிது, நடுத்தரம், பெரிது என அளவுகளிலும், வலக்கை இடக்கை எனத் தனித்தனியாகவும் கிடைக்கும்.

கையைப் போலவே கண்ணும் ஆளுக்கு ஆள் மாறும். இரண்டு கண்ணையும் திறந்தபடி தூரத்து விளக்குக் கம்பத்தை விரலால் சுட்டுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது விரல் கம்பத்தை விட்டு விலகவில்லையோ, அதுதான் குறிபார்க்க உதவும் உங்கள் ஆதிக்கக் கண். வலக்கைக்காரர் எல்லாருக்கும் அது வலக்கண்ணாக இருப்பதில்லை.

இனி துப்பாக்கிக்கு வருவோம். 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெடிமருந்து கிடையாது. குழலுக்கு அடியில் இருக்கும் சிலிண்டரில் சுமார் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைக்கப்பட்டிருக்கும். ஒரு சீராக்கி அந்த அழுத்தத்தைக் குறைத்து, ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு காற்றை அனுப்புகிறது. விசையை இழுத்ததும் சுத்தியல் வால்வைத் தட்ட, காற்று பாய்ந்து 4.5 மி.மீ. ஈயக் குண்டைத் தள்ளுகிறது. குண்டின் எடை அரை கிராம், வேகம் நொடிக்கு ஏறக்குறைய 150 மீட்டர். தலை தட்டையாக இருப்பதால் காகிதத்தைக் கிழிக்காமல் வட்டமாக வெட்டிச் செல்லும். இந்தியாவில் 0.177 அங்குலக் குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு ஆயுத உரிமம் தேவையில்லை. ஏர் பிஸ்டலின் ஆற்றல் அந்த வரம்புக்கு வெகு கீழேயே நின்றுவிடுகிறது. 0.22 தோட்டா போடும் பிஸ்டல் என்றால் கதை வேறு. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். பொழுதுபோக்காகத் தொடங்கும் தம்பதிக்கு ஏர் பிஸ்டலே போதும் என்பது என் கட்சி.

இலக்கைப் பார்த்தால் முதலில் பயம் வரும். நடுவில் இருக்கும் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. தான். சட்டைப் பொத்தான் அளவு. பக்கவாட்டில் நின்று, ஒரே கையை நீட்டி, ஏறத்தாழ ஒரு கிலோ எடையைத் தாங்கி அதில் அடிக்க வேண்டும். மறு கை பையிலோ இடுப்பு வாரிலோ சும்மா இருக்கும். கை நடுங்காதா? நடுங்கும், ஒலிம்பிக் வீரருக்கும் நடுங்கும். ஆனால் எல்லா நடுக்கமும் ஒரே அளவு கெடுதல் செய்வதில்லை.

துப்பாக்கியின் பின் சைட்டில் ஒரு காடி, முன் சைட்டில் ஒரு தட்டைக் கம்பு. இரண்டுக்கும் இடையே சுமார் 33 செ.மீ. கை மொத்தமாக 5 மி.மீ. ஒரு பக்கம் நகர்ந்தாலும், இரண்டு சைட்டும் ஒரே நேர்க்கோட்டில் இருந்தால் குண்டும் 5 மி.மீ. தான் விலகும், அப்போதும் பத்துதான். மாறாக, மணிக்கட்டு லேசாகத் திரும்பி முன் கம்பு காடிக்குள் ஒரே ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தால், பத்து மீட்டர் தள்ளி அது 30 மி.மீ. ஆகிவிடும். குண்டு ஏழில் போய் விழும். ஆகவே பார்வை நிற்க வேண்டிய இடம் முன் கம்பின் விளிம்பு. இலக்கு மங்கலாகத் தெரிந்தால் போதும். புதியவர்கள் ஆசைப்பட்டு இலக்கையே உற்றுப் பார்ப்பார்கள். கம்பு கலங்கிப்போகும், மணிக்கட்டு திரும்பியது தெரியாமலே போகும்.

அடுத்த எதிரி விரல். விதிப்படி விசையின் எடை 500 கிராமுக்குக் குறையக்கூடாது. அந்த எடையைச் சீராக ஏற்றாமல், "இதோ நடுவில் வந்துவிட்டது" என்று சுண்டினால் முன் கம்பு சட்டெனக் கீழே குனியும். இது சுடுகிறவருக்குத் தெரியாது. அந்த நொடியில் குண்டு கிளம்பிவிடுவதால் குனிந்ததும் அதிர்ந்ததும் ஒன்றாகக் கலந்துவிடும். இங்கேதான் கூட ஒருவர் இருப்பதன் அருமை. பெரும்பாலான போட்டிப் பிஸ்டல்களில் காற்று வெளியேறாமல் விசை மட்டும் இயங்கும் ஏற்பாடு உண்டு. பயிற்சியாளர் முன்னிலையில், குழல் இலக்கின் பக்கமே இருக்க, துணைவர் சில தடவை குண்டு போட்டும் சில தடவை போடாமல் அந்த ஏற்பாட்டில் வைத்தும் கொடுப்பார். எது என்று சுடுகிறவருக்குத் தெரியாது. குண்டு கிளம்பாதபோது கம்பு குனிந்தால் இருவருமே பார்த்துவிடலாம். சுடும் கூடத்தில் மனைவி கணவனிடம், "நீங்க சுண்டுறீங்க" என்று மறுக்க முடியாத ஆதாரத்தோடு சொல்லக்கூடிய சந்தர்ப்பம் இது.

துணைவர் கவனிக்க வேண்டிய இன்னொன்று நேரம். கை தூக்கி இறக்கி, பத்து நொடிக்குள் சுட முடியவில்லையா? சுடாமல் கையை இறக்கிவிட வேண்டும். வீம்புக்கு இழுத்துப் பிடித்துச் சுட்டது பெரும்பாலும் வீண்தான். ஒரு எச்சரிக்கையும் உண்டு. கவனித்துச் சொல்வது வேறு, கற்றுக்கொடுப்பது வேறு. முதல் சில மாதங்கள் இருவருக்கும் மூன்றாவது ஆள் ஒருவர் சொல்லிக்கொடுக்கட்டும். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த கணவர்களைக் கேட்டால் காரணம் சொல்வார்கள்.

உடல் பலம் தீர்மானிக்காத விளையாட்டு என்பதால் இங்கே ஆணும் பெண்ணும் ஒரே அளவுகோலில் நிற்கிறார்கள். 2017 வரை போட்டிகளில் பெண்களுக்கு 40 குண்டு, ஆண்களுக்கு 60. 2018 முதல் இருவருக்கும் 60, நேரம் 75 நிமிடம். டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்பு இரட்டையரும் வந்தது. அப்போதைய விதிப்படி அதன் பதக்கச் சுற்றில் ஒவ்வொரு தடவையும் ஆளுக்கொரு குண்டு சுட வேண்டும், இருவர் புள்ளியையும் கூட்டி அதிகம் பெற்ற ஜோடிக்கு 2, சமமானால் தலா 1, முதலில் 16 எட்டுபவர் வெற்றி. 2024-ல் பாரிஸில் இந்தியாவின் மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் தென் கொரியாவை 16-10 என்று வென்று வெண்கலம் வாங்கியது இப்படித்தான். அதே போட்டியில் வெள்ளி வாங்கிய துருக்கியின் யூசுஃப் டிகெச்சுக்கு அப்போது வயது 51. உண்மையான தம்பதிதான் வேண்டும் என்றால் சீனாவின் பாங் வெய், டு லி. பாங் வெய் பிஸ்டலில் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார், மனைவி டு லி ரைஃபிளில். 2021-ல் டோக்கியோவில் பாங் வெய் கலப்பு இரட்டையரிலும் தங்கம் வென்றார். ஜோடி சேர்ந்தது ஜியாங் ரன்ஷினுடன்.

வீட்டுக்கு வரும்போது ஒரு விஷயம். குண்டு ஈயம், விரலில் கரி போல ஒட்டும். கூடத்திலேயே சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகுதான் டீயும் வடையும். கர்ப்பிணிகளும் சிறு குழந்தை உள்ள வீட்டாரும் இதில் கூடுதல் கண்டிப்பாக இருக்க வேண்டும். துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியில் வையுங்கள், குண்டு டப்பா வேறு அலமாரியில் இருக்கட்டும்.